அனுப்ப ஆளில்லாத வீடு

குற்றாலத்தில் சாரல் பொய்த்துவிட்டது என்பதை வானிலை ஆய்வு மையம் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பேரருவிக்குப் போகும் வழியில் கடை ஏலம் எடுத்தவர், மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூறு வைப்பவர், எண்ணெய் தேய்த்து விடுபவர், சிப்ஸ் பொரிப்பவர், லாட்ஜில் அறை கூட்டும் பெண், ஐந்தருவிக்கு ஆட்டோ ஓட்டுபவர் என எல்லோருக்கும் அது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மூன்று மாதக் காசுதான் இவர்களில் பலருக்கு ஆண்டின் முதுகெலும்பு. தண்ணீர் விழாவிட்டால் கூட்டம் வராது. அளவுக்கு மேல் விழுந்தால் குளிக்கத் தடை. 2020, 2021 பருவங்களைக் கொரோனா கொண்டுபோனது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைப் பலிகொண்டது. அதன்பின் அருவிகளில் குளிக்கத் தடை வந்தது. கடைக்காரருக்கு அந்தத் தடையும் ஒரு பஞ்சம்தான்.

வறுமை ஆய்வாளர்கள் கவனிக்கும் ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. கையில் காசில்லாதபோது பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குவது நம் ஊரின் மிகப் பழைய காப்பீடு. ஆனால் சாரல் பொய்த்த ஆண்டில் பக்கத்து வீட்டுக்காரரும் அதே அருவியை நம்பியவர்தான். எதிர்வீட்டில் இருப்பவர் சிற்றாற்றுப் பாசனத்தில் கார் நெல் போட்டவர். அவருக்கும் அதே மழை. எல்லோர் கையும் ஒரே நேரத்தில் வறண்டால் யார் யாருக்குக் கைமாற்றுக் கொடுப்பது? ராபர்ட் டவுன்சென்ட் என்ற பொருளியலாளர் ஆந்திரா, மகாராஷ்டிரத்தின் வறண்ட நிலக் கிராமங்கள் மூன்றின் கணக்குகளை எடுத்து 1994இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு வீட்டின் வருமானம் ஏறினாலும் இறங்கினாலும் அந்த வீட்டின் சாப்பாட்டுச் செலவு அந்த அளவுக்கு ஆடுவதில்லை, ஊர் மொத்தத்தின் செலவோடு சேர்ந்தே அது நகர்கிறது என்று அவர் கண்டார். ஊர், கொடுத்தும் வாங்கியும் தன்னைத் தானே தாங்கிக்கொள்கிறது. ஆனால் அந்த மூன்றில் ஓர் ஊரில், நிலமில்லாதவர்களுக்கு இந்தத் தாங்கல் மற்றவர்களுக்குக் கிடைத்த அளவு கிடைக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

ஆகவே மழை வேறாக இருக்கும் இடத்தில் ஓர் ஆள் வேண்டும். ரோசன்ஸ்வைக், ஸ்டார்க் என்ற இருவர் 1989இல் இதையே திருமணத்தை வைத்துச் சொன்னார்கள். பெண்ணைத் தொலைதூர ஊரில் கட்டிக்கொடுக்கும் குடும்பங்களில், விளைச்சல் வருமானம் ஆடினாலும் அடுப்பு அந்த அளவுக்கு ஆடுவதில்லை; சம்பந்தி வீடு வேறு மழையில் இருக்கிறது. நம் பக்கத்தில் அத்தை மகன், தாய்மாமன் என்று உறவுக்குள்ளேயே, ஒரு பஸ் தூரத்துக்குள்ளேயே சம்பந்தம் செய்கிற வழக்கம் வலுவாக இருந்தது. சொத்து சிதறாமல் இருக்கவும் பெண் கண்ணெதிரே இருக்கவும் அது உதவியிருக்கலாம். மழைக் காப்பீடாக அது அவ்வளவு உதவியிருக்காது என்பது என் ஊகம். குற்றாலம் இருக்கும் தென்காசிப் பகுதியில் அந்த வேலையைச் செய்தது, பிழைக்க வெளியூர் போனவர்கள் அனுப்பிய பணம்தான்.

போனவர்களின் வரலாறு நீண்டது. பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் பக்கத்து இளைஞர்கள் சென்னை மளிகைக் கடைகளில் பொட்டலம் மடிக்கப் போனார்கள். நெல்லைச் சீமையின் ஒடுக்கப்பட்ட மக்களில் பலர் பம்பாய்த் தாராவிக்குப் போனார்கள். கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் சிங்கப்பூருக்குப் போனார்கள். கடையநல்லூர்க்காரர்களின் கதை இவற்றில் தனித்தது. தறி நொடித்த நெசவாளர் குடும்பங்கள் பல அங்கே போய், தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டிக் குடியேறின. தமிழ்நாட்டின் பிற ஊர்களிலிருந்து ஆண்கள் மட்டும் போன காலத்தில், இந்த ஊரார் பெண்களோடும் பிள்ளைகளோடும் போனார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கம் உருவானது. ஜப்பானியர் ஆட்சியில் தபாலும் பணமும் நின்றுபோன ஆண்டுகளைத் தாண்டி, 1946இல் அச்சங்கம் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் இன்றும் அங்குள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் இருக்கிறது. 1970களில் எண்ணெய் விலை ஏறியபின் வளைகுடா திறந்தது. சிங்கப்பூர்ப் பாதையோடு துபாய், சவூதி, குவைத் பாதைகளும் சேர்ந்தன.

இன்று இந்தப் பணத்தின் அளவு சிறிதல்ல. உலக வங்கிக் கணக்கின்படி 2024இல் வெளிநாட்டில் உள்ளோர் இந்தியாவுக்கு அனுப்பியது ஏறத்தாழ 12,900 கோடி டாலர். உலகில் வேறெந்த நாடும் இவ்வளவு பெறுவதில்லை. 2023-24இல் வந்த பணத்தில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 சதவீதம் என்கிறது ரிசர்வ் வங்கியின் ஆய்வு. 2015இல் இருதய ராஜன், பெர்னார்ட் டி சாமி, நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் ஆசிர் ராஜ் ஆகியோர் நடத்திய தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் வாழும் தமிழ்நாட்டார் சுமார் 22 லட்சம் பேர் என்றது. அவர்கள் போன நாடுகளில் சிங்கப்பூருக்கே முதலிடம்.

இவ்வளவு பணம் வந்தால் வறுமை குறையாதா? குறையும். ரிச்சர்ட் ஆடம்ஸ், ஜான் பேஜ் இருவரும் 71 வளரும் நாடுகளின் கணக்கை எடுத்து 2005இல் வெளியிட்ட ஆய்வை இத்துறையில் எழுதுவோர் எல்லோரும் சொல்வார்கள்: தலைக்கு வரும் வெளிநாட்டுப் பணம் 10 சதவீதம் கூடினால், வறியோரின் விகிதம் 3.5 சதவீதம் குறைகிறது. நேபாளத்தில் 1995க்கும் 2004க்கும் இடையே வறுமை குறைந்ததில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேலை தேடிப் போனவர்களால் வந்தது என்று மற்றோர் ஆய்வு கணித்தது.

இந்த எண்களை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வறியோர் விகிதம் என்பது தலை எண்ணும் கணக்கு. வறுமைக் கோட்டுக்கு மேலே எத்தனை தலை, கீழே எத்தனை தலை, அவ்வளவுதான். மாதம் 1,000 ரூபாய்தான் கோடு என்று வைத்துக்கொள்வோம். 950 ரூபாயில் இருந்தவர் 1,050க்கு வந்தால் கணக்கில் ஒரு வறியவர் குறைவார். 400 ரூபாயில் இருந்தவர் 700க்கு வந்தால் கணக்கில் ஒன்றுமே நடந்திருக்காது. அவர் வீட்டில் நடந்ததுதான் பெரிது. கோட்டுக்கு எவ்வளவு கீழே என்பதையும் சேர்த்து அளக்க ஃபாஸ்டர், கிரீர், தோர்பெக் மூவரும் 1984இலேயே ஒரு வழி வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பத்திரிகைத் தலைப்புக்கு ஏனோ தலைக்கணக்குதான் ஏறுகிறது. வெளியூர்ப் பணத்தைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு முக்கியமானது. அந்தப் பணம் பெரும்பாலும் கோட்டுக்குச் சற்றே கீழேயும் மேலேயும் நிற்கும் வீடுகளைத்தான் முதலில் தொடுகிறது.

காரணம் எளியது. பணம் அனுப்ப ஓர் ஆள் வெளியே இருக்க வேண்டும். அந்த ஆளை வெளியே அனுப்ப வீட்டில் பணம் வேண்டும். மிக ஏழை வீடு இரண்டு பொருளிலும் அனுப்ப ஆளில்லாத வீடு.

விசாவுக்குத் தரகர் கேட்கும் தொகையைப் பாருங்கள். பதிவுபெற்ற முகவர் ஒரு தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்கிறது விதி. அந்தத் தொகையோடு வளைகுடா போய்ச் சேர்ந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட் வேறு வகை; வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். தொழிலாளியைக் காக்க வந்த ஏற்பாடு அது. ஆனாலும் படியேறி இறங்கும் செலவு படிக்காதவனுக்குத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு வீடுகள். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பையன் போகிறான். இருவருக்கும் செலவு 1 லட்சம். இருவரும் கடனுக்கென்று மாதம் 8,000 ரூபாய் அனுப்புகிறார்கள். முதல் வீட்டில் நகை இருக்கிறது. வங்கியில் அடகு வைத்து மாதம் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டியில் எடுக்கிறார்கள். இரண்டாவது வீட்டில் நகை இல்லை. தெருவில் மூன்று வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு 3 ரூபாய்க்கு வாங்குகிறார்கள். முதல் வீட்டின் கடன் பதினான்காம் மாதம் தீரும். மொத்தம் கட்டியது சுமார் 1,07,000. இரண்டாவது வீட்டுக்குப் பதினாறு மாதம். கட்டியது சுமார் 1,27,000. ஒரே வேலை, ஒரே சம்பளம், ஒரே விமானம். ஏழைக்கு மட்டும் பயணச்சீட்டு 20,000 ரூபாய் கூடுதல். இரண்டாவது பையனால் மாதம் 5,000தான் கடனுக்கு ஒதுக்க முடியும் என்றால் 31 மாதம் ஆகும். 3,000தான் முடியும் என்றால் வட்டி மட்டும்தான் போகும், கடன் தீரவே தீராது. கம்பெனி மூடினாலோ கை ஒடிந்தாலோ, 1990இல் குவைத்துக்குள் ஈராக் படை நுழைந்தபோது நடந்ததுபோல் உடுத்திய துணியோடு திரும்ப நேர்ந்தாலோ, போகாமலே இருந்திருக்கலாம் என்ற நிலைமைக்கு அந்த வீடு வந்துவிடும்.

ஊரிலிருந்து முன்பே போனவர்கள் பலர் இருந்தால் இந்தச் செலவு குறையும். மெக்சிகோவின் இரண்டு கிராமங்களை ஆராய்ந்த ஸ்டார்க்கும் அவர் கூட்டாளிகளும் 1986இல் காட்டியது இது: வெளியே போகும் வழக்கம் புதிதாக இருக்கும் ஊரில் வந்த பணம் ஏற்றத்தாழ்வைக் கூட்டுகிறது, வழக்கம் பழையதாகி ஊரெங்கும் பரவியபின் குறைக்கவும் கூடும். மாமா விசா எடுத்துக் கொடுப்பார், மச்சான் தங்க இடம் தருவார். ஒரு நூற்றாண்டாகக் கடல் கடந்து பழகிய கடையநல்லூரில் நடுத்தட்டு வீட்டுக்கு இது வாய்க்கும். அதே மாவட்டத்தின் கிழக்கே, திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் ஊரில் நிலமில்லாத வீட்டுக்கு அப்படி ஒரு மாமா கிடைப்பது அரிது.

மிக ஏழைகளின் வெளிநாடு வேறு. அது புளியரைச் சோதனைச் சாவடிக்கு அப்பால், கேரளத்தில் இருக்கிறது. ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 கணக்கில், கேரளக் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி 850 ரூபாய்க்குச் சற்று மேலே; தமிழ்நாட்டில் 500 ரூபாய் அளவு. இடையில் இருப்பது ஆரியங்காவு என்ற ஒரு மலைக் கணவாயும் ஒரு பஸ் டிக்கெட்டும். விசா வேண்டாம், மூன்று வட்டி வேண்டாம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ச் சீமைதான். அப்போது அவ்வூர்க்காரர் கொல்லம் போனால் அது வெளியூர்ப் பயணம் மட்டுமே, வெளிமாநிலப் பயணம் அல்ல. எல்லை வந்தது, போக்கு நிற்கவில்லை. நாள் ஒன்றுக்கு 350 ரூபாய் கூடுதல் என்றால், மாதம் இருபது நாள் வேலை கிடைத்தாலே 7,000. அங்கே தங்கவும் உண்ணவும் பாதி போனாலும் வீட்டுக்கு மிஞ்சுவது, கடன்பட்டு வளைகுடா போனவன் முதல் ஆண்டில் கடன் போக வீட்டுச் செலவுக்கு அனுப்பும் தொகைக்கு அதிகம் குறையாது. பல்கலைக்கழக ஆய்வுகள் கடல் கடந்த பணத்துக்குக் கொடுத்த கவனத்தில் கால் பங்கைக்கூட இந்த ஆரியங்காவு வழிப் பணத்துக்குக் கொடுக்கவில்லை என்பது என் குறை. டாலராக வந்தால்தான் பணம் கணக்கில் ஏறும்போலிருக்கிறது.

அனுப்பும் செலவிலும் இதே கதைதான். 1880இல் தொடங்கி 2015இல் மூடப்பட்ட பழைய மணியார்டரில் 20 ரூபாய்க்கு 1 ரூபாய் கமிஷன். அதாவது நூற்றுக்கு ஐந்து. நாடு விட்டு நாடு 200 டாலர் அனுப்ப உலகச் சராசரிச் செலவு இன்றும் நூற்றுக்கு ஆறுக்கு மேல். 2030க்குள் மூன்றுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா. இலக்கு. இந்த இடைவெளியில்தான் வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் உண்டியல் பிழைத்தது, சட்டம் எத்தனை முறை துரத்தினாலும். உள்நாட்டிலோ யுபிஐ வந்தபின் கேரளத்துப் புனலூரிலிருந்து 500 ரூபாய் அனுப்பக் காசு எதுவும் பிடிப்பதில்லை. சிறு தொகையை அடிக்கடி அனுப்ப முடிவது பெரிய மாற்றம். கென்யாவில் கைபேசிப் பணமான எம்-பெசா பரவியதால் 1,94,000 வீடுகள் கடும் வறுமையிலிருந்து மீண்டன என்று சூரி, ஜாக் இருவரும் 2016இல் கணித்தார்கள். சேமிப்பு கூடியதோடு, இடி விழும் நேரத்தில் உறவிடமிருந்து பணம் உடனே வந்து சேர்வதும் அதற்குக் காரணம். நம் பக்கத்தில் ஒரு சிறு திருத்தம் சேர்க்க வேண்டும். ஸ்மார்ட்போன் இல்லாத அம்மாவுக்கு மகன் அனுப்பும் பணம் மளிகைக் கடை அண்ணாச்சியின் போனுக்கு வருவதுண்டு. அவர் பற்று நோட்டில் உள்ளதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்.

சரி, ஆளே இல்லாத வீட்டுக்கு எதுவும் வருவதில்லையா? சுற்றி வருகிறது. கடையநல்லூரிலும் தென்காசியிலும் வெளிநாட்டுப் பணம் முதலில் வீடாக நிற்கும். இதை ஆடம்பரம் என்று பொருளாதாரம் படித்தவர்களே திட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாடி ஏறும் ஒவ்வொரு வீடும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் மாதக்கணக்கில் கூலி. சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள் பெரும்பாலும் அனுப்ப ஆளில்லாத வீடுகளிலிருந்து வருகிறவர்கள். அந்தப் பணமே மனை விலையையும் ஏற்றுகிறது; சித்தாளின் மகளுக்கு இரண்டு சென்ட் வாங்குவது முன்னைவிட எட்டாத உயரத்துக்குப் போகிறது. கூலியில் கொடுத்ததை மனையில் பறித்துக்கொள்கிறதா என்று யாராவது முறையாக அளந்தால் நன்றாக இருக்கும்.

ஜகாத்தும் ஒரு வழி. சேமிப்பில் நூற்றுக்கு இரண்டரை என்று அளவு குறித்த கடமை அது. யாருக்குப் போக வேண்டும் என்று எட்டு வகையினரையும் குறித்திருக்கிறது. ரத்த உறவு இல்லாத ஏழைக்குப் பணம் போகும்படி வழக்கமாகவே அமைந்துவிட்ட தனியார் ஏற்பாடுகள் நம்மிடம் மிகக் குறைவு. அவற்றுள் இதுவே வலுவானது என்பேன். பைத்துல்மால் என்ற பொது நிதி வைத்து ஊர் மொத்தமாகத் திரட்டும் இடங்களில் விதவைக்கு மாதப்படி, பிள்ளைக்குப் படிப்பு என்று நிலையான வரவாக அதை மாற்றவும் முடிகிறது. நாடார் வணிகர்கள் பொதுவில் திரட்டிய மகமை நிதி பள்ளிக்கூடமாகவும் சந்தையாகவும் மாறியதும் இதற்கு உறவுள்ள கதைதான். ஆனால் இரண்டுக்கும் ஒரு வேலி உண்டு: ஜமாத், சாதி. வேலிக்குள் பிறந்த ஏழைக்கு அது கூரை. வெளியே பிறந்தவர் மகமை கட்டிய சந்தையில் சுமை தூக்கலாம்.

கல்யாண வீட்டுச் செய்முறையை இந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். எழுதி வைத்துத் திருப்பிச் செய்வது கடன். திருப்பிச் செய்ய வழியில்லாதவர் பந்திக்கே போகத் தயங்குவார்.

மிக ஏழை வீட்டை உறவுப் பணம் எட்டுவதில்லை என்ற வாதத்துக்கு எதிரான சான்று ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிலிப்பைன்ஸ் வீடுகளின் கணக்கை ஆராய்ந்த டொனால்ட் காக்ஸும் கூட்டாளிகளும் 2004இல் கண்டது: உறவும் நட்பும் கொடுக்கும் பணம், மிகத் தாழ்ந்த வருமான வீடுகளில்தான் கூர்மையாக வேலை செய்கிறது, வீட்டு வருமானம் விழுந்தால் வரவு கூடுகிறது, எழுந்தால் குறைகிறது. ஓர் எல்லைக்கு மேல் அந்தத் தொடர்பே மங்கிவிடுகிறது. அப்படியானால் ஏழைக்கு ஏழையின் உறவு கைகொடுக்கத்தான் செய்கிறது. இதை நான் மறுக்கவில்லை. கைகொடுப்பவரும் ஏழை என்பதால் கொடுப்பது சோற்றுக்குப் போதும், கோட்டைத் தாண்டப் போதாது. அது விழாமல் பிடிக்கும் பணம். மாடி கட்டும் பணம் தூக்கிவிடும் பணம். இரண்டையும் ஒரே பெயரில் எழுதி ஒரே சராசரியில் சேர்க்கும்போதுதான் குழப்பம் வருகிறது.

பீடி சுற்றும் பெண்களைப் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியும். தென்காசி, கடையம், ஆலங்குளம், முக்கூடல் பக்கத்தில் வாசல் திண்ணைகளில் மடியில் தட்டை வைத்து இலை வெட்டித் தூள் வைத்துச் சுருட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. மகன் வெளியூரில் இருக்கும் தாயும் சுற்றுகிறாள், மகனே இல்லாத தாயும் சுற்றுகிறாள். முதலாமவள், தனக்கு வருவது வராமல் போகும் மாதத்துக்காகச் சுற்றுகிறாள். இரண்டாமவளுக்கு எந்த மாதமும் வராது.

அந்த இரண்டாமவளுக்குத்தான் அரசுப் பணம். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2023 முதல் 1,200. அதே ஆண்டு செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000. அரசு கொடுத்தால் பிள்ளை கொடுப்பதை நிறுத்திவிடுவான் என்பது பழைய வாதம். தென்னாப்பிரிக்க முதியோர் ஓய்வூதியத்தை ஆராய்ந்த ராபர்ட் ஜென்சன் 2004இல் அதற்கு ஒரு எண் தந்தார்: அரசு கொடுக்கும் ஒவ்வொரு ரேண்டுக்கும் பிள்ளைகள் அனுப்புவது 25 முதல் 30 காசு வரை குறைகிறது. மீதி 70 காசாவது முதியவர் கையில் நிற்கிறது. குறைந்த காசும் வேறோர் ஏழை வீட்டில், பேரப்பிள்ளையின் சோற்றில்தான் சேர்கிறது. பிள்ளையே இல்லாதவருக்கு இந்தக் கழித்தலும் இல்லை, முழு ரேண்டும் கைக்கு வரும்.

பிள்ளை இருந்தும் அனுப்பாதவர் நிலைதான் மோசம். ஆதரவற்றோர் என்று எழுதிக் கேட்கும் மனுவை எடுத்துக்கொண்டு விசாரணைக்கு வருபவர் முதலில் கேட்பது, ‘ஆச்சி, உங்களுக்குப் பையன் இருக்கானா?’

‘இருக்கான்.’

‘எங்க இருக்கான்?’

‘துபாய்ல.’

அதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை என்று பேனாவை மூடிவிட முடியும். அவன் கடைசியாக எப்போது பணம் அனுப்பினான் என்பதற்கு அந்த மனுவில் கட்டம் கிடையாது.